கழுவி வந்த கேரியர்

'குடிகாரப் புருஷனைக் காப்பாற்றச் சொல்லி வருகிறவர்களுக்கு இங்கே நாற்காலி கிடையாது' என்று ஒரு பலகை எழுதி மாட்டவேண்டும் என்பது துப்பறிவாளர் தீர்த்தகிரியின் நெடுநாள் ஆசை. பாலக்கோட்டில் பலகை எழுதுகிற ஒரே ஆளும் குடிகாரனாக இருந்ததால் அது தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. ஆகவே அந்தச் செவ்வாய்க்கிழமை காலை வெண்மதி அவர் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"அவரு குடிப்பாருங்க. இல்லைன்னு சொல்லலை. ஆனா வெஷம் வெக்கிற ஆளு இல்லைங்க சார்!"

"ரெண்டும் தனித்தனிப் படிப்பா என்ன?" என்றார் தீர்த்தகிரி.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. இருபத்திரண்டு வருடம் ஒரு மருந்துக் கம்பெனியின் பையைத் தூக்கிக்கொண்டு டாக்டர்களின் கதவுக்கு வெளியே நின்றவர். அதில் டாக்டர்கள்மேல் மரியாதை போயிற்று. டாக்டர் எழுதிய சீட்டைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் ஜனங்கள்மேலும் போயிற்று. கடைசியில் பையைத் தூக்கிய தன்மேலேயே போனபிறகு, பேருந்து நிலையத்துக்கு எதிரே உரக்கடை மாடியில் இந்தத் துப்பறியும் நிலையத்தைத் திறந்தார்.

"அழுகையை நிறுத்திட்டு நடந்ததைச் சொல்லுங்கக்கா. இவரு கண்ணீருக்கு இரங்கமாட்டாரு. நானே சம்பளத்துக்கு மூணு தடவை அழுது பாத்துட்டேன்" என்றாள் பிரியதர்ஷினி. அவருடைய ஒரே உதவியாளர். இருபத்தேழு வயது. வாயை மூடி வைக்கும் வித்தை மட்டும் இன்னும் கைவரவில்லை.

வெண்மதி மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். அவள் புருஷன் அருள்குமாருக்குப் பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளி மண்டி. மண்டியின் சுமைதூக்கும் ஆட்களுக்கு மேஸ்திரி இன்னாசி. போன வெள்ளிக்கிழமை இரண்டு பேருக்கும் தகராறு. பத்து ஆட்களையும் கூட்டிக்கொண்டு எதிர் மண்டிக்குப் போய்விடுவேன் என்றான் இன்னாசி. "நீ எப்படிப் போறேன்னு பாத்துடறேன்டா" என்று மார்க்கெட்டே கேட்கக் கத்தினான் அருள்குமார். பெரியவர்கள் பேசி முடித்து, ஞாயிற்றுக்கிழமை சமாதானத்துக்கு அருள்குமாரின் தோட்டத்தில் கெடா வெட்டினார்கள். நாலு பேர், ஒரு பிராந்தி பாட்டில். இன்னாசி குடிக்கிற ஆளே இல்லை. அருள்குமார்தான் "எனக்காக ஒரு டம்ளர்" என்று தன் கையால் ஊற்றிக் கொடுத்தான். பத்து நிமிஷத்தில் இன்னாசிக்கு முகம் பழுத்த தக்காளி மாதிரி ஆனது. நெஞ்சு படபடவென்று அடித்தது. வாந்தி எடுத்து, கறிச்சட்டிக்குப் பக்கத்திலேயே விழுந்தான். இப்போது தருமபுரி அரசு ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். மற்ற மூன்று பேரும் அன்றைக்கு இரண்டாம் தடவை கறி வாங்கிச் சாப்பிட்டார்கள்.

"டம்ளர்ல வெஷம்னு இன்ஸ்பெக்டரு சொல்றாருங்க. நேத்து சாயங்காலம் கூட்டிட்டுப் போனாங்க. இன்னிக்கு அஞ்சு மணிக்குக் கோர்ட்டுக்கு அனுப்பப் போறாங்களாம். உள்ள போயிட்டா எம் பொழப்பு என்னாவறதுங்க?"

"சமாதானத்துக்கு ஒரு ஆட்டைக் கொன்னு, ஒரு ஆளைப் பாதி கொன்னுருக்கீங்க. சண்டை போட்டிருந்தா ரெண்டும் பிழைச்சிருக்கும்" என்றார் தீர்த்தகிரி.

"அப்படிச் சொல்லாதீங்க. நல்ல மனுஷனுங்க அவரு. தினமும் மண்டிக்கு நான்தான் கேரியர் கட்டிக் குடுப்பேன். ஒரு பருக்கை மிச்சம் வெக்க மாட்டாரு. கேரியரைக்கூட அவரே கழுவித் துடைச்சுக் கொண்டாந்து தருவாரு. எங்கேயாச்சும் கேட்டிருக்கீங்களா? குடியையும் இன்னும் கொஞ்ச நாள்ல மறந்துடுவாருங்க. எனக்குத் தெரியும்."

கடைசி வாக்கியத்தை அவள் சொன்ன விதம் தீர்த்தகிரிக்குப் பிடிக்கவில்லை. அவர் அறிந்த பெண்டாட்டிகள் 'மறந்துட்டா நல்லாருக்கும்' என்பார்கள். இவள் பேருந்து வரும் நேரத்தைச் சொல்வதுபோலச் சொன்னாள். எதுவும் கேட்காமல் ஹெல்மெட்டை எடுத்தார்.

*

தருமபுரி ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சை வார்டுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தாள் இன்னாசியின் மனைவி குள்ளம்மாள். கரும்பு வெட்டிக் காய்த்த கை. மடியில் ஒரு பிளாஸ்டிக் பை.

"வூட்டுல இருக்கற எல்லா மாத்திரையும் கொண்டாரச் சொன்னாங்க. கொண்டாந்தேன். ஆரும் வாங்கிப் பாக்கலைங்க."

தீர்த்தகிரி பையைத் தரையில் கொட்டினார். மருந்துக்கடைக்காரன் கத்தரியால் நறுக்கிக் கொடுத்த துண்டுகள். எதிலும் முழுப்பெயர் இல்லை. அவருக்குப் பெயர் தேவைப்படவில்லை. நிறத்தையும் ஓரத்தையும் பார்த்தே சொல்லிக்கொண்டு போனார்.

"இது ஜுர மாத்திரை. அளவோட தின்னா ஜுரம் இறங்கும். அளவு மீறினா ஈரல் போகும். இது மூட்டு வலி மாத்திரை. வலியை உண்டாக்கற சரக்கை உடம்பு தயாரிக்க விடாது. அதே சரக்குதான் வயித்துச் சுவரையும் காப்பாத்துது. ஆக, வலி போகும், வயிறு புண்ணாகும். இந்த மஞ்சள் மாத்திரை அந்தப் புண்ணுக்கு. இது தும்மலுக்கு. தும்மலும் நிக்கும், தின்னவனும் தூங்குவான். இது பிரஷருக்கு. ரத்தக்குழாயைத் தளர்த்தி விடும். சிலருக்குக் கால் வீங்கும். கால் வீங்கினா அதுக்கு ஒரு மாத்திரை எழுதுவாங்க."

"ஒரு மாத்திரைக்குத் துணைக்கு ஒண்ணு, அதுக்குத் துணைக்கு இன்னொண்ணு. பொண்ணு பாக்கப் போற கூட்டம் மாதிரி இருக்கே சார்!" என்றாள் பிரியதர்ஷினி.

"இதுல எதுவும் ஒரு டம்ளர் பிராந்தியில ஆளை இப்படிச் சாய்க்காது." தீர்த்தகிரி குள்ளம்மாளைப் பார்த்தார். "பையில இல்லாத மருந்து ஏதாச்சும் குடுத்தீங்களா?"

குள்ளம்மாள் வார்டுக் கதவைப் பார்த்தாள். பிறகு முந்தானைக்குள்ளிருந்து ஒரு பாட்டிலை எடுத்தாள். ஆயுர்வேத அரிஷ்டம்.

"திட்டாதீங்க சார். வாந்தி எடுத்து எடுத்துத் துவண்டு கெடந்தாரு. பக்கத்துப் படுக்கை அம்மா, இது தெம்பு குடுக்கும்னு சொல்லுச்சு. காலையில ஆறு மணிக்கு நர்சம்மாவுக்குத் தெரியாம நாலு மூடி ஊத்தினேன். கொஞ்ச நேரத்துல மறுபடியும் மூஞ்சி சிவந்து, நெஞ்சு அடிச்சு... டாக்டருங்க எல்லாம் ஓடியாந்தாங்க."

"காலையில ஆறு மணிக்கு அருள்குமாரு லாக்கப்புல இருந்தாரே சார். அங்கிருந்தே கையை நீட்டி வெஷம் வெச்சாரா?" என்றாள் பிரியதர்ஷினி.

தீர்த்தகிரி கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, பாட்டிலின் லேபிளில் எறும்பு அளவு எழுத்தைப் படித்தார். புளிக்கவைக்கும்போது தானாக உண்டாகும் ஆல்கஹால், நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை. அவர் முகத்தில் இகழ்ச்சி மெதுவாக மலர்ந்தது. அது அவருக்குச் சந்தோஷம் வந்ததன் அடையாளம்.

"அம்மா, இதுக்கு முன்னாடி எப்பவாச்சும் அவருக்கு மூஞ்சி இப்படிச் சிவந்துச்சா? யோசிச்சுச் சொல்லுங்க."

"கெடா வெட்டுக்கு முந்தின நாளு, சனிக்கெழமை, சவரம் பண்ணிட்டு வந்தாருங்க. கடைக்காரன் லோஷன் தடவுனதும் மூஞ்செல்லாம் தணலா எரியுதுன்னாரு. பத்து வருஷமா அதே கடை, அதே லோஷன். அப்புறம்... ஒரு மாசமா எந்நேரமும் தூக்கம். வாயில பூண்டு வாடை வேற. நான் பூண்டே சமைக்கலையே, எங்க தின்னீங்கன்னு கேட்டேன். நாலு மணிக்கே கரும்பு வெட்டக் கெளம்பிடறனுங்களா, மத்தியானச் சோறு அவரு மண்டியிலயேதான் தின்னுக்குவாரு."

தீர்த்தகிரி எழுந்து நேராக வார்டுக்குள் போனார். உள்ளே இருந்த இளம் டாக்டரிடம் பாட்டிலைக் காட்டி ஒரு மருந்தின் பெயரைச் சொன்னார். ஒரு மாதமாக அது உள்ளே போயிருக்கலாம், இனி ஆல்கஹால் சேர்ந்த எதுவும் அவன் உடம்பில் படக்கூடாது என்றார். டாக்டர் ஒரு கணம் யோசித்தார். பிறகு நர்ஸைக் கூப்பிட்டு, ஸ்பிரிட் பஞ்சுவரைக்கும் எடுத்துவிடச் சொன்னார். சொன்னதைக் காதில் வாங்கிய டாக்டரைத் தீர்த்தகிரி தன் வாழ்நாளில் பார்ப்பது இது இரண்டாம் தடவை. முதல் டாக்டர் காது கேட்கும் மெஷின் வைத்திருந்தார்.

*

பிரியதர்ஷினி ஓட்டிய ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து தீர்த்தகிரி கத்தினார். காற்றில் பாதிதான் கேட்டது.

"சாராயம் வயித்துக்குள்ள போனா ஈரல் அதை ரெண்டு படியில கரைக்கும். முதல் படியில அது ஒரு விஷமா மாறும். ரெண்டாம் படியில அந்த விஷம் சாதுவா மாறிடும். டைசல்ஃபிராம்னு ஒரு மாத்திரை இருக்கு. அது ரெண்டாம் படிக் கதவைப் பூட்டிடும். அப்ப விஷம் உள்ளேயே தேங்கும். மூஞ்சி சிவக்கும், நெஞ்சு அடிக்கும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் விழும். இதயம் பலவீனமா இருந்தா ஆளே போயிடுவான்."

"இதைப்போய் யாரு சார் சாப்பிடுவாங்க?"

"குடியை விடணும்னு தானா வர்ற ஆளுக்கு, எல்லாத்தையும் சொல்லி, சம்மதம் வாங்கிட்டு டாக்டர் குடுக்கற மருந்து. அந்தப் பயத்துலயே குடிக்க மாட்டான். மருந்துல பாதி மாத்திரை, பாதி பயம். தெரியாமக் குடுத்தா பயம் இருக்காது. ஆளு குடிப்பான், சாவான்."

"ஆனா இன்னாசி குடிக்கற ஆளே இல்லையே. குடிக்காதவரோட குடியை நிறுத்த எந்த மடையன் மருந்து குடுப்பான்?"

"கேள்வி நல்லா இருக்கு. வண்டியை மார்க்கெட்டுக்கு விடு."

பாலக்கோடு தக்காளி மார்க்கெட்டில் மத்தியான வெயில் இறங்கியிருந்தது. காலியான தக்காளிக் கிரேடு பெட்டிகளுக்கு நடுவே, அருள்குமார் மண்டியின் சுமைதூக்கும் ஆள் ஆண்டி பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னாசி மத்தியானம் எங்க சாப்பிடுவாரு?" என்றார் தீர்த்தகிரி.

ஆண்டி சுற்றுமுற்றும் பார்த்தார். "எதுக்குங்க?"

"உங்க முதலாளி அஞ்சு மணிக்கு ஜெயிலுக்குப் போறாரு. அதுக்குத்தான்."

"முதலாளி வூட்டுக் கேரியருங்க. அந்தம்மா பாவம், தினம் களியும் கீரையும் கட்டி அனுப்புது. நாலு மண்டிக்காரங்களுக்கு முன்னாடி உக்காந்து களி திங்கறதுக்கு முதலாளிக்கு வெக்கம். அவரு பிரியாணிக் கடைக்குப் போயிடுவாரு. கேரியரு இன்னாசிக்கு. வருஷக்கணக்கா இப்படித்தான். வூட்டம்மாவுக்குத் தெரியக் கூடாதுன்னு சுத்தமாக் கழுவித் துடைச்சு வண்டியில மாட்டறதும் இன்னாசிதான்."

"குடிக்காதவருக்கு மருந்து போன வழி இந்தக் கேரியரா சார்!" என்றாள் பிரியதர்ஷினி.

"எனக்குக் காலையிலயே பொறி தட்டியிருக்கணும்" என்றார் தீர்த்தகிரி. "இந்த ஜில்லாவுல எந்த ஆம்பளை தான் தின்ன தட்டைத் தானே கழுவியிருக்கான்? அந்தம்மா அதைப் பெருமையா வேற சொல்லுச்சு. நான் கேட்டுட்டு சும்மா உக்காந்திருந்தேன் பாரு, எனக்குத்தான் அந்த மாத்திரையைக் குடுக்கணும்."

*

மணி நாலரை. போலீஸ் ஸ்டேஷன் வாசலில் புங்க மரத்தடியில் வெண்மதி நின்றிருந்தாள். கையில் அதே மூன்றடுக்குக் கேரியர்.

"அவரு காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடலைங்க. எப்படியாச்சும் உள்ள குடுத்துடணும் சார்."

தீர்த்தகிரி கேரியரைப் பார்த்தார். "இன்னிக்கும் மருந்து கலந்திருக்கீங்களா?"

அவள் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் இறங்கியது. மறுக்கத் தெரியாத பெண். இரண்டு கையாலும் கேரியரைப் பிடித்துக்கொண்டு அப்படியே மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள்.

"பஸ்சுல ஒட்டியிருந்துச்சுங்க. குடியை மறக்க வைக்கும் மூலிகை, அவருக்குத் தெரியாமலே சாப்பாட்டில் கலக்கலாம்னு. போன் பண்ணேன். கூரியர்ல பொடி வந்துச்சு. பதினாறு மூலிகைன்னாங்க. ஒரு மாசமாக் கலந்தேன். ராத்திரி ஒரு வேளைதான் வூட்டுல திம்பாரு, அதுவும் மாமியார் பரிமாறுவாங்க. அதனால மத்தியானக் கேரியர்ல கலந்தேன். அவரு பாட்டுக்குத் தினம் குடிச்சிட்டு வந்தாரு. ஒண்ணுமே ஆகலை. மறுபடியும் போன் பண்ணேன். ரெண்டு பங்காப் போடுங்கன்னாங்க. போன வாரத்துல இருந்து ரெண்டு பங்கு."

"பதினேழாவதா, குடியை நிறுத்தற இங்கிலீஷ் மாத்திரையை இடிச்சுச் சேர்த்திருக்கான். ஒண்ணுமே ஆகலைன்னா, அவர் அதைச் சாப்பிடலைன்னு உங்களுக்குத் தோணலையா?"

"கழுவி வந்துச்சுங்களே சார்!"

தீர்த்தகிரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். அந்த மண்டியில் மத்தியானம் நடப்பதை நாலே வாக்கியத்தில் சொன்னார். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னாசி அண்ணனுங்களா? ரெண்டு புள்ளைங்க சார் அதுக்கு..."

"பிழைச்சுக்குவாரு. இப்ப முடிவு உங்க கையில. இதை உள்ள வந்து சொன்னா உங்க புருஷன் வெளிய வருவாரு. ஆனா உங்க மேல கேஸ் எழுதுவாங்க. சொல்லலைன்னா அஞ்சு மணிக்கு ஜீப் கிளம்பும்."

அவள் மணியைக்கூடக் கேட்கவில்லை. எழுந்து, புடவையைச் சரிசெய்துகொண்டு, கேரியரோடு படியேறினாள்.

உள்ளே இன்ஸ்பெக்டர் சிவக்குமார் முழுக்கதையையும் கேட்டுவிட்டு ஏளனமாகச் சிரித்தார். "புருஷனைக் காப்பாத்த நல்லாக் கதை கட்டிக் கொண்டாந்துருக்கம்மா. மூலிகைப் பொடியில ஆளு விழுவானா? அதெல்லாம் நம்ம பாட்டன் காலத்துச் சாமான்."

"ஒரே ஒரு போன் சார்" என்றாள் பிரியதர்ஷினி. வெண்மதி பைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்த பொடி உறையில் நம்பர் இருந்தது. ஸ்பீக்கரைப் போட்டாள். குரலைக் குழைத்துக்கொண்டாள்.

"அண்ணா, உங்ககிட்ட மருந்து வாங்குனேனுங்க. எங்க வூட்டுக்காரரு குடிச்சதும் மூஞ்சி சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு அடிக்குதுன்னு கத்தறாருங்க. பயமா இருக்கு."

மறுமுனையில் ஒரு ஆணின் குரல் மிகுந்த திருப்தியோடு பேசியது. "சூப்பர்க்கா! மருந்து வேலை செய்யுது. அப்படித்தான் பண்ணும். எல்லாருக்கும் அதான் பண்ணும். நிறுத்திடாதீங்க. ஆஸ்பத்திரிக்கு மட்டும் கூட்டிட்டுப் போகாதீங்க, காசு புடுங்கிடுவானுங்க. மூலிகைதானே, பக்கவிளைவே கிடையாது."

இன்ஸ்பெக்டரின் சிரிப்பு நின்றது. பேனாவை எடுத்தார்.

'பக்கவிளைவே கிடையாது.' இருபத்திரண்டு வருடம் டாக்டர் கதவுகளுக்கு உள்ளே போய் இதே இரண்டு சொல்லை இதே குரலில் சொன்னவர் தீர்த்தகிரி. அந்தப் போன்காரனைத் திட்ட ஒரு வார்த்தை தேடினார். கிடைத்த வார்த்தைகளெல்லாம் பாதி தன்மேலும் விழுந்ததால் விட்டுவிட்டார்.

அருள்குமாரை வெளியே கொண்டுவந்தார்கள். லாக்கப்புக்கு வெளியே இருந்த பெஞ்சில் வெண்மதியை உட்காரச் சொன்னார் இன்ஸ்பெக்டர், வாக்குமூலம் எழுத. கேரியர் சாட்சிப் பொருளாக மேஜைமேல் போயிற்று. ஒரு போலீஸ்காரர் அதற்குச் சீட்டு ஒட்டினார்.

"எனக்கே தெரியாம எனக்கு மருந்து வெச்சியாடி?" என்றான் அருள்குமார்.

வெண்மதி நிமிர்ந்து பார்த்தாள். "நான் கட்டிக் குடுத்ததுல ஒரு வாயி... எப்பவாச்சும் தின்னிருக்கீங்களா?"

அவன் கேரியரைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். பிறகு விறுவிறுவென்று வெளியே போய்விட்டான்.

"ஓடிட்டாரு பாருங்க" என்றாள் பிரியதர்ஷினி.

தீர்த்தகிரிக்கு அதில் ஆச்சரியம் இல்லை. இந்த ஆட்களை அவர் எடைபோட்டு வைத்து வெகுகாலம் ஆயிற்று. ஆனால் கால்மணி நேரத்தில் அருள்குமார் திரும்பி வந்தான், கையில் ஒரு பிரியாணிப் பொட்டலத்தோடு. வெண்மதிக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, இலையைப் பிரித்து அவள் முன்னால் நகர்த்தினான்.

"காலையில இருந்து நீயும் சாப்பிட்டிருக்க மாட்டே. சாப்பிடு."

வெண்மதி பொட்டலத்தையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். கை நீட்டவில்லை.

"நீங்க மொதல்ல ஒரு வாயி தின்னுட்டுக் குடுங்க."

எழுதிக்கொண்டிருந்த ஏட்டு பேனாவை நிறுத்தினார். அருள்குமாரின் முகம் சிவந்தது. அதற்கு எந்த மாத்திரையும் காரணம் இல்லை. அவன் ஒரு பிடி எடுத்து வாயில் போட்டு, அவள் பார்க்க மென்று விழுங்கினான். அப்புறம்தான் அவள் இலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.